செஞ்சியில் புகை, தென்துருவத்தில் ஓட்டை

தென்துருவத்துக்குப் போகப் பெயர் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் என் கணவர் அதை என்னிடம் சொன்னார். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எண்பதுகளின் பிற்பகுதி அது. அவர் மெட்ராஸில் வானிலை ஆய்வு வேலையில் இருந்தார். பலூனில் கருவியைக் கட்டி மேலே விட்டு, அது ரேடியோ வழியாக அனுப்புகிற அளவுகளைப் பதிந்துவைப்பது அவர் வேலை. நான் செஞ்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். செஞ்சி எனக்கு வேலை போட்ட ஊர், அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம் திண்டிவனம் வழியாகப் பஸ் பிடித்து வருவார். திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்பிவிடுவார்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன்.

"குளிர்காலம் முழுக்க அங்கயே தங்கணும். எங்கள இறக்கிவிட்டுட்டுக் கப்பல் திரும்பிடும். கடல் உறைஞ்சிடும். அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது."

"அப்படின்னா?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்."

நான் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினேன். திரும்பி வந்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?" என்றேன்.

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பே."

வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். வெகு உயரத்தில் ஓசோன் என்று ஒரு வாயு மெல்லிய படலமாக இருந்து வெயிலின் கெடுதலான கதிர்களைத் தடுக்கிறது, தென்துருவத்துக்கு மேலே அந்தப் படலத்தில் வருஷா வருஷம் ஓட்டை விழுகிறது என்ற செய்தி அப்போதுதான் உலகத்துக்குத் தெரிய வந்திருந்தது. அங்கே இவர் பலூன் விட்டு ஓசோனை அளக்கப் போகிறார். எனக்கு விளங்காத விஷயம் இல்லை. வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பெண்டாட்டியாக அதைக் கேட்டுக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது.

கார்த்திகை மாதம் கிளம்பிப் போனார்.

நான் குடியிருந்தது காந்தி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடி அறை. கீழே முன்பக்கம் வேர்க்கடலை வியாபாரம் நடக்கிற மணிலாக்கொட்டை மண்டி, பின்பக்கம் மண்டிக்காரரின் வீடு. அவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். தெருவிலேயே டெலிபோன் இருந்த ஒரே இடம் அவருடைய மண்டி. அந்த நம்பரைத்தான் என் கணவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்கு முன்னால், அங்கிருந்து கூப்பிடுவார்கள். கப்பல்களோடு பேசுகிற செயற்கைக்கோள் வழியாகப் பம்பாய்க்கு வந்து, அங்கிருந்து டிரங்க் லைனில் செஞ்சிக்கு வரும். ஒவ்வொருவருக்கும் சில நிமிஷங்கள்தான். பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள்.

முதல் அழைப்பு பொங்கல் கழிந்து வந்தது. பாய் மாடிப்படிக்குக் கீழே நின்று, "டீச்சர், ஓடியாங்க, லைன் வந்துட்டுது!" என்று கத்தினார். நான் இறங்கி ஓடினேன். மண்டியில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். காதில் முதலில் ஒரு இரைச்சல். பிறகு அவர் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

"எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன். நீங்க?"

பதில் வரவில்லை. நான் சொன்னது வானத்துக்குப் போய் இறங்கி, அவர் சொல்வது மறுபடி ஏறி இறங்க வேண்டும். அது புரியாமல் நான், "கேக்குதா?" என்றேன். அதே நேரத்தில் அவர், "நான் நல்லா—" என்று ஆரம்பித்தார். இரண்டு பேரும் நிறுத்தினோம். "சொல்லு" என்றார். "இல்ல, நீங்க சொல்லுங்க" என்றேன். கிடைத்த நிமிஷங்களில் பாதி இப்படியே போனது. மீதியில், என்ன சமைத்தாய் என்று கேட்டார். ரசம் என்று சொன்னேன். இத்தனை பேர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது வேறென்ன சொல்வது?

போனை வைத்ததும் ஒரு பெண், "பனியில இருந்தா பேசறாரு? குரலு சூடாத்தான் கீது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

என்கூட வேலை பார்த்த டீச்சர்களில் பலர் திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்து போகிறவர்கள். பள்ளி விட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். அதோடு என்னிடம் பேச ஆள் கிடையாது. மாமியார் வீட்டிலிருந்து, வேலையை விட்டுவிட்டு மெட்ராஸுக்கு வந்துவிடு என்று ஆள்மேல் ஆள் சொல்லி அனுப்பினார்கள். அவரே இல்லாத வீட்டில் போய் நான் என்ன செய்வது? முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒருத்திக்காக அடுப்பைப் பற்றவைப்பது அலுத்துப்போய், சாயங்காலமே எதையாவது நின்றபடி சாப்பிட்டுவிடுவேன். அமாவாசை அன்றைக்கு மட்டும் ஊர் வேறு மாதிரி ஆகும். மேல்மலையனூர் அம்மன் கோவிலுக்கு ஸ்பெஷல் பஸ்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும். எலுமிச்சம்பழமும் குங்குமமுமாகக் குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். குழந்தையை ஜன்னல் வழியாக உள்ளே கொடுப்பார்கள். மாடியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே சாயங்காலத்தைக் கழித்துவிடுவேன். கடைசி பஸ் போன பிறகு தெரு துடைத்துவிட்டாற்போல ஆகிவிடும்.

பள்ளியில் ஒரு உலக உருண்டை இருந்தது. ஒருநாள் அவர் எங்கே இருக்கிறார் என்று பார்க்கலாம் என அதைச் சாய்த்தேன். அடிப்பக்கத்தில் உருண்டையைத் தாங்கும் இரும்பு வளையமும் திருகாணியும்தான் இருந்தன. அவர் இருந்த இடம் அந்த வளையத்துக்கு அடியில் மறைந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

சித்திரை பிறந்த சமயம் மலை பற்றிக்கொண்டது. கோட்டை இருக்கிற ராஜகிரி மலையின் பின்பக்கச் சரிவில்தான் தீ ஆரம்பித்தது என்றார்கள். பாறைகளுக்கு இடையில் ஆள் உயரத்துக்கு நின்று காய்ந்த புல், முள்ளு, சீத்தாச் செடி எல்லாம் சேர்ந்து எரிந்தது. என் அறை ஜன்னல் மலையைப் பார்த்தது. பகல் வெயிலில் நெருப்பு கண்ணுக்குத் தெரியாது. பாறைகள் மட்டும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல நெளியும், அதற்கு மேலே பழுப்பாகப் புகை எழும்பும்.

"வருஷா வருஷம் எரியறதுதான் டீச்சர்" என்றார் பாய். "எவனாவது பீடியப் போட்டிருப்பான். இல்ல, மழை வந்தா புதுப் புல்லு முளைக்கட்டும்னு மாட்டுக்காரன் கொளுத்தி இருப்பான். தானா அடங்கிடும்."

அந்த வருஷம் அது சீக்கிரம் அடங்கவில்லை. முதலில் காற்று இருந்ததால் புகை கிழக்கே போய்க்கொண்டிருந்தது. பிறகு காற்று நின்றுபோனது. புகை மலையிலிருந்து இறங்கி ஊரில் உட்கார்ந்துகொண்டது. கொடியில் காய்ந்த புடவையில் புகை, குடித்த தண்ணீரில் புகை. சூரியன் மத்தியானத்திலேயே செம்புத் தட்டுபோல் இருந்தது, கண் கூசாமல் பார்க்கலாம். எனக்குச் சின்ன வயதில் மூச்சிழுப்பு இருந்தது. பெரியவளானதும் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அந்தப் புகையில் அது திரும்ப வந்துவிட்டது.

அழைப்பு வர வேண்டிய ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் புகை நாட்களில்தான் அமைந்தது. படிகளில் இறங்கும்போதே எனக்கு மூச்சு வாங்கியது. போனை எடுத்ததும் இருமல் பிடித்துக்கொண்டது.

"என்ன ஆச்சு உனக்கு?"

"மலை எரியுதுங்க. ஊரெல்லாம் புகை."

இரைச்சல். பிறகு அவர் கேட்டார்: "என்ன வாசனை வருது?"

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

"சொல்லேன். இங்க வாசனைன்னு ஒண்ணே கிடையாது. உள்ள இருந்தா டீசல் நாத்தம், எங்க உடம்பு நாத்தம். வெளிய போனா அதுவும் கிடையாது. மூக்கு செத்துப்போன மாதிரி இருக்கு. புல்லு எரியிற வாசனையா, கட்டை எரியிற வாசனையா?"

"எனக்கு மூச்சு விட முடியலைங்க" என்றேன்.

அது அவரிடம் போய்ச் சேருவதற்குள் அவர் பேசிக்கொண்டே போனார். "சீத்தாச் செடி எரிஞ்சா கசப்பா ஒரு வாசனை வருமே, அது வருதா? நான் வந்திருந்தப்ப ஒருநாள்—" அங்கே நின்றார். நான் சொன்னது அவரைத் தொட்ட இடம் அது. எனக்கு அது தெளிவாகக் கேட்டது.

"என்ன சொன்னே?" என்றார்.

திரும்பச் சொல்லத் தெம்பில்லை. "இந்தப் புகை உங்க கிட்ட வருமா?" என்று கேட்டேன். எதற்காக அதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. இதில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் என்று தோன்றியிருக்கலாம்.

"வராது. புகை அவ்வளவு உயரம் ஏறாது. மேகம் இருக்கிற உயரத்துக்குள்ளயே நின்னுடும், மழை வந்தா கழுவி இறக்கிடும். நாங்க அளக்கிறது அதுக்கும் மேல. அத விடு, நீ உடனே டாக்டர்கிட்ட—"

லைன் நின்றுவிட்டது. அவருடைய நேரம் முடிந்திருக்கும்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அதற்குப் பிறகு நடந்தது முழுதாக நினைவில்லை. பாயின் மனைவி உள்ளேயிருந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறது. அதுவரை அவரிடம் நான் அதிகம் பேசியதில்லை. குழாயடியில் பார்த்தால் சிரிப்போம், அத்தோடு சரி. "இன்னா டீச்சர், உதடெல்லாம் நீலமா இருக்குது! இத வச்சிக்கினு போன்ல கதை பேசினு இருக்கீங்க!" என்று என்னைத் திட்டிக்கொண்டே, பாயை மாட்டுவண்டியோ ரிக்‌ஷாவோ எது கிடைக்குமோ கூட்டிவரச் சொன்னார். ரிக்‌ஷா கிடைத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். புகை இல்லாத இடத்தில் இருங்கள் என்றார் டாக்டர். ஊர் முழுக்கப் புகையாக இருக்கும்போது அப்படிப்பட்ட இடம் எங்கே இருக்கிறது?

பாயின் மனைவி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அவர்கள் வீட்டின் நடுவில் ஜன்னலே இல்லாத ஒரு அறை இருந்தது, பண்டிகைப் பாத்திரங்களைப் போட்டு வைக்கிற அறை. அண்டா குண்டாக்களை ஒதுக்கிப் படுக்கை விரித்து, வாசலில் நனைத்த புடவையைத் தொங்கவிட்டார். புகை அடங்குகிற வரையில் அங்கேதான் இருந்தேன். புடவை காயக் காய வந்து தண்ணீர் தெளித்துவிட்டு, அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

"உங்க வூட்டுக்காரரு அவ்ளோ தூரம் போய்ட்டாருன்னு எல்லாம் பேசறாளுங்க" என்றார் ஒருநாள். "எங்க வூட்டுக்காரரு இதோ இந்தச் சுவத்துக்கு அந்தாண்ட இருக்குறாரு. சோத்துக்குக் கூப்ட்டாதான் மூஞ்சியப் பார்க்கிறேன். பேச்சு வேற கிடையாது. மணிலா வெலையப் பத்தித்தான் பேசுவாரு."

"அதையாவது பேசறாரே அக்கா" என்றேன்.

"அது சரி" என்று சிரித்தார். அண்டாக்களின் பின்னால் பல்லி கத்தியது.

மாடிக்குத் திரும்பிய பிறகும் கரும்புச் சருகு எரிப்பதும் அங்கங்கே மலை புகைவதுமாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் அழைப்பு வரவில்லை. மண்டியில் போன் அடிக்காமல் இல்லை. பண்ருட்டியிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் விலை கேட்டு அடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் எழுந்து மாடிப்படி வரை போய் நிற்பேன். பாய் கீழிருந்து என்னைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டுவார். பிறகு பம்பாய் வழியாக ஒரு தந்தி வந்தது: பனிப்புயலில் ஆன்டெனா சேதம், எல்லாரும் நலம், பேச முடியாது. அந்தத் தந்தி எல்லாருடைய வீட்டுக்கும் ஒரே மாதிரி போயிருக்கும். அதில் அவருடைய சொல் ஒன்றுகூட இல்லை.

எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. என் மூச்சைப் பற்றிக் கேட்க வேண்டிய சமயத்தில் வாசனையைக் கேட்டார் என்று. அந்தக் கோபத்தைச் சொல்ல ஆளும் இல்லை, வழியும் இல்லை. அவர் என்னத்தை அளக்கிறார் என்று நானும்தான் பார்க்கிறேனே என்று ஒரு பிடிவாதம் வந்தது. அவருடைய பலூன் கருவியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பொட்டாசியம் அயோடைடு கரைசல் இருக்கும். வெளிக்காற்று அதற்குள் குமிழியிட்டுப் போகும்போது, காற்றில் ஓசோன் இருந்தால் அயோடின் பிரியும், அதனால் சிறிதளவு மின்சாரம் ஓடும். அதுதான் அளவு. என்னிடம் பலூன் இல்லை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் பொட்டாசியம் அயோடைடு இருந்தது, கஞ்சி காய்ச்ச மாவு இருந்தது. இரண்டையும் கலந்து வடிதாளில் தடவிக் காயவைத்து, கீற்றாக வெட்டினேன். ஈரப்படுத்தி நிழலில் தொங்கவிட்டால் ஓசோன் படப்பட ஊதா நிறம் ஏறும். பழைய காலத்து முறை.

ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து பார்ப்பேன். சுத்தமான நாளில் லேசாக, நாவல்பழம் தொட்ட விரல்போல இருக்கும். புகையும் கடும் வெயிலும் சேர்ந்த நாளில் நன்றாகக் கருநீலமாகிவிடும். யோசித்தால் காரணம் இருந்தது. எரிகிற புகையில் வருகிற வாயுக்களோடு வெயில் சேர்ந்தால் தரைமட்டத்திலேயே ஓசோன் உண்டாகும். மேலே இருந்தால் நம்மைக் காப்பாற்றுகிற அதே வாயு, கீழே இருந்தால் தொண்டையை அரிக்கும், மார்பை அடைக்கும். அவர் பனியில் நின்று தேடிக்கொண்டிருந்த பொருள்தான் இங்கே என் மூச்சைப் பிடித்திருந்தது, அல்லது அதில் ஒரு பாதியாவது. இதை அவரிடம் சொல்லவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. தாள்களை எடுத்துவைக்கலாம் என்றால் நிறம் இரண்டொரு நாளில் வெளுத்துவிடும். அதனால் பார்த்துவிட்டுப் போட்டுவிடுவேன்.

ஆடி போனது, ஆவணி போனது. மழை ஆரம்பித்து, மலை பச்சையாகிக்கொண்டு வந்தது. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழையில், பாய் குடை பிடித்துக்கொண்டு படி ஏறி வந்து கதவைத் தட்டினார். "லைன் டீச்சர்!" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

மண்டியில் அன்றைக்கு வேறு யாரும் இல்லை. மழைக்குப் பயந்து சாக்குகளைத் தார்ப்பாயால் மூடிவைத்திருந்தார்கள். போனை எடுத்ததும், நான் பேசுவதற்கு முன்னாலேயே என் கணவர் பேசினார். குரல் மெதுவாக, தேய்ந்து வந்தது.

"உனக்கு இப்ப மூச்சு எப்படி இருக்கு?"

அரை வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அது இத்தனை மாதமும் அங்கேயே காத்திருந்ததுபோல இருந்தது. "நல்லா இருக்கு" என்றேன். நேரம் கொடுத்துக் காத்திருந்தேன். அந்தப் பழக்கம் எனக்கு வந்திருந்தது.

"போன வாரம் ஒரு பலூன் விட்டேன்" என்றார். "அளவு ஒழுங்கா ஏறிக்கிட்டே வந்துச்சு. அப்புறம் இறங்க ஆரம்பிச்சுது. கோடு போடுற பேனா அடியில போய் ஒட்டிக்கிச்சு. கருவி கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அணைச்சிடலாம்னு கையக்கூடக் கொண்டு போயிட்டேன். அப்ப பேனா திரும்ப எழுந்திரிச்சுது. பலூன் இன்னும் மேல போனதும் ஓசோன் இருக்குது. கருவி நல்லாத்தான் இருந்திருக்கு. நடுவுலதான் ஒண்ணும் இல்ல."

நான் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

"ஒண்ணுமே இல்லம்மா. இருக்க வேண்டிய இடத்துல சுத்தமா இல்ல. இது இப்படித்தான் இருக்கும்னு படிச்சிட்டுத்தான் வந்தேன். ஆனா அந்தக் கோட்டத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கிட்டே இருந்தேன். இங்க யார்கிட்ட சொல்றது? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. உங்கிட்டச் சொல்லணும்னு இருந்துச்சு."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் சொன்னவற்றில் அதுதான் மிக நெருக்கமான பேச்சு. நான் என் காகிதக் கீற்றுகளைப் பற்றிச் சொன்னேன். வேகமாக, இடையில் நிறுத்தாமல், புகை, வெயில், கருநீலம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். இரைச்சலுக்குப் பின் பதில் வந்தது.

"அது ஓசோன்னு உறுதியாச் சொல்ல முடியாது. புகையில நைட்ரஜன் வாயு இருக்கும். அந்தத் தாள் அதுக்கும் நிறம் மாறும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பாய் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு அங்கே போய்ச் சேர்ந்ததும் அவரும் சிரித்தார். அவர் சிரிப்பு எனக்கு வருவதற்குள் நான் நிறுத்திவிட்டிருந்தேன். லைன் போனது.

புகை அவ்வளவு உயரம் ஏறாது என்று அவர் சொன்னது அன்றைக்குத் தெரிந்தவரையில் சரிதான். செஞ்சி மலைப் புகை மரக்காணம் தாண்டிக் கடலில் கரைந்திருக்கும். ஆனால் முப்பது வருஷத்துக்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் காடுகள் எரிந்தபோது வேறொன்று நடந்ததாகப் படித்தேன். பெருந்தீயின் சூட்டில் அதற்கு மேலேயே இடிமேகங்கள் உண்டாகி, புகையை உறிஞ்சி, மழை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டன. அங்கே கரித்துகள் வெயிலை வாங்கிச் சூடாகி, தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் சேர்த்து இன்னும் மேலே ஏறியது. பழைய குளிர்சாதன வாயுக்களிலிருந்து வந்த குளோரின், அந்த உயரத்தில் பெரும்பாலும் ஒன்றும் செய்யாத சேர்மமாக அடங்கிக் கிடக்கும். தென்துருவத்துக் கடுங்குளிரில் உண்டாகும் மேகத் துகள்களின் மேல்தான் அது அவிழ்ந்து ஓசோனைத் தின்னும் என்று நினைத்திருந்தார்கள். புகைத் துகளில் அது கரைந்துவிடுவதால், அந்த அளவு குளிர் இல்லாத இடத்திலும் அதே வேலை நடந்துவிட்டதாம். ஓசோன் குறைந்ததாம். இந்தச் செய்தியை நான் தாம்பரத்தில் எங்கள் பிளாட்டில் தனியாக உட்கார்ந்து படித்தேன். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவர் இறந்துபோயிருந்தார். படித்து முடித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே இருந்தேன். அவர் இருந்திருந்தால், உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் முதலில் சொல்லியிருப்பார்.

தென்துருவத்திலிருந்து அவர் திரும்பி வந்தது அந்த ஐப்பசி கழிந்து வந்த பங்குனியில். பஸ்ஸிலிருந்து இறங்கியவரை எனக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. தாடி, பருத்த முகம், சட்டை தோளில் இறுக்கிப் பிடித்திருந்தது. மண்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பாய் கட்டிப்பிடித்துக்கொண்டார். பென்குவின் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆனால் பேசப் பேச, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்து சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அறையிலும் அப்படித்தான். பஸ் ஹாரன் கேட்டால் திடுக்கிட்டார். கீரையாக வாங்கிவந்து, பாதி வேகும் முன்பே எடுத்துத் தின்றார். டீக்கடையில் போண்டா போடும்போது சும்மா எதிரில் போய் நின்றுகொண்டிருப்பார். மண்டியில் சாக்கைப் பிரித்து முகத்தை உள்ளே விட்டு முகர்ந்ததைப் பார்த்து, "சாருக்கு இன்னா ஆச்சு?" என்று பெண்கள் என்னைக் கேட்டார்கள். நான் பள்ளி விட்டு வரும்போது அறையில் ஒருவர் இருப்பது எனக்கும் பழக்கமில்லாமல் போயிருந்தது. அவர் வெளியே போயிருந்தால் நிம்மதியாக இருந்தது. நின்றபடி சாப்பிடத் தட்டை எடுத்துவிட்டு, இன்னொருவருக்கும் போடவேண்டும் என்று பிறகு நினைவு வரும். அவர் போயிருந்த நாட்களில்கூட நான் அப்படித் தனியாக உணர்ந்ததில்லை.

ஒரு வாரம் ஆவதற்குள் அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பஜாரில் யாரிடமிருந்து தொற்றியதோ, சளியும் இருமலுமாக உடம்பு நெருப்பாகக் கொதித்தது. "அங்க ஒரு வருஷம் ஒருத்தனுக்கும் சளி பிடிக்கல" என்றார், பல் தந்தியடிக்க. "கிருமி வர்றதுக்கு ஆள் வரணுமே." புது ஆட்களின் காற்று பட்டதும் உடம்பு தாங்கவில்லை. நான் லீவு போட்டேன். பாயின் மனைவி சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தனுப்பினார். நான் நொய்க் கஞ்சி காய்ச்சினேன். ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்தேன். அவருக்கு ஏதாவது செய்ய எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

இரண்டாம் நாள் மத்தியானம், கண்ணைத் திறக்காமலே, "ஏதாவது பேசேன்" என்றார்.

"என்ன பேச?"

"எதுனாலும். அங்க இருந்தப்ப நீ ரசம் வெச்சேன்னு மட்டும்தான் சொன்னே."

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், பண்டிகைப் பாத்திர அறையில் படுத்திருந்ததிலிருந்து ஆரம்பித்தேன். பல்லி கத்தியதைச் சொன்னேன். உலக உருண்டையைச் சொன்னேன். கேட்காமல் பெயர் கொடுத்தது எனக்கு எப்படி இருந்தது என்பதையும், குரலை உயர்த்தாமல், மற்றதோடு சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவர் "ம்" என்றார். கொஞ்சம் கழித்து அதுவும் நின்றது. தூங்கிவிட்டார். எவ்வளவு காதில் வாங்கினார் என்று எனக்குத் தெரியாது, பிறகு நான் கேட்கவும் இல்லை.

காய்ச்சல் விட்டதும் மெட்ராஸுக்கு வேலைக்குப் போனார், பழையபடி சனிக்கிழமைகளில் வந்தார். மறு வருஷம் எனக்கு மெட்ராஸ் பக்கம் மாற்றல் கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து அவரை இன்னொரு குளிர்காலத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று அவருடன் வேலை பார்த்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவர் சொல்லவில்லை. வெகுநாள் வரை, மனதில் ஏதாவது ஓடினால், சொல்ல வருவதுபோல மூச்சை இழுத்துவிட்டு, சொல்லாமலே எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவார். நான் குழம்பைக் கிளறிக்கொண்டோ, விடைத்தாள் திருத்திக்கொண்டோ இருப்பேன். பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள், வீடு சத்தமாகிவிட்டது.